ஐம்பது நிமிட இடைவெளியில் ஒரே ஜோக்: ஓர் ஆண்டு விழாவின் நிகழ்வு ஆய்வு

2025 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு வாடகை மண்டபத்தில் எங்கள் அலுவலகத்தின் ஆண்டு விழா நடந்தது. சுமார் 400 பேர் வந்திருந்தார்கள். அன்று மேடையில் ஒரே ஜோக் இரண்டு முறை சொல்லப்பட்டது. ஆறரை மணிக்குச் சொன்னவர்களுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. ஏழு இருபதுக்குச் சொன்னவர் எட்டு மணிக்குள் மறுபடி மேடையேறி மன்னிப்புக் கேட்டார்.

இதை விசாரிக்கப் பிறகு அமைக்கப்பட்ட மூவர் குழுவில் நானும் ஒருத்தி. அன்றிரவே அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்ன கலைநிகழ்ச்சிக் குழுவிலும் இருந்தேன். அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நிறுவனத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ இங்கே வராது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

மேடையில் நடந்தது

ஆறரை மணிக்கு நடந்த ஸ்கிட், அதாவது குறுநாடகம், ஒரு பெண் பார்க்கும் காட்சி. மாப்பிள்ளையாக நடித்தவர் எங்கள் டெஸ்டிங் டீமைச் சேர்ந்தவர். ராமநாதபுரம் பக்கத்து ஊர், நல்ல கறுப்பு. எங்கள் அலுவலகத்தில் நடிக்கத் தெரிந்தவர்களில் அவர்தான் முதல் ஆள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் உள்ளே நுழைந்ததும் பெண்ணின் மாமாவாக நடித்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னப்பா, கரன்ட் போச்சா?" என்றார். "இல்ல மாமா, மாப்பிள்ளை வந்திருக்கார்." "எங்கப்பா? சிரிக்கச் சொல்லு, அப்பதான் தெரியும்." மாப்பிள்ளை பல்லைக் காட்டினார். மண்டபமே அதிர்ந்தது.

அடுத்து சமையல்காரர்களாக இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வாயில் பான் அடக்கிக்கொண்டு அரைகுறைத் தமிழ் பேசும் பானிபூரிக்காரர். இன்னொருவர் மோமோ விற்கும் பையன். அவர் கண்ணோரத்தை செல்லோடேப்பால் இழுத்து ஒட்டியிருந்தார்கள். அவருக்கு வசனமே கிடையாது, "சிங் சாங்" என்று சத்தம் மட்டும்தான்.

ஏழு இருபதுக்கு ஸ்டாண்ட் அப். பேசியவர் கான்பூர்க்காரர், சென்னைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். முதல் ஆறேழு நிமிடம் நன்றாகவே போனது. வீட்டு ஓனர் கேட்ட அட்வான்ஸ், ஆட்டோவில் பேரம், "தமிழ் தெரியாதா?" என்று பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை கேட்டது எல்லாம் வந்தது. பிறகு அந்த வரியைச் சொன்னார்: இந்த ஊரில் கரன்ட் போனால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது, அவர்கள் சிரித்தால்தான் தெரியும்.

ஒரு நொடி அமைதி. அப்புறம் பின்வரிசையிலிருந்து "டேய்" என்று ஒரு குரல். நாற்காலிகள் நகர்ந்தன. "கீழ இறங்குடா", "மன்னிப்புக் கேளு" என்று பத்து இருபது குரல்கள். மைக்கை நாங்களே அணைத்தோம். அவர் முகம் வெளிறிப் போய் நின்றார். எது தப்பாகிவிட்டது என்று அவருக்குப் புரியவே இல்லை என்பது அங்கிருந்தே தெரிந்தது. அந்தக் குழப்பத்தைத் திமிர் என்று நான் அப்போது நினைத்தேன்.

சனிக்கிழமை காலை எல்லோருக்கும் ஒரு மெயில் போனது. தென்னிந்தியர்களின் நிறத்தை இழிவுபடுத்தும் பேச்சை நிறுவனம் கண்டிக்கிறது, அவர் ஒரு வருடத்துக்கு எந்த நிகழ்ச்சியிலும் கலந்துகொள்ள முடியாது என்று அதில் இருந்தது. எழுதியது நான்தான்.

கோபத்துக்குக் காரணம் உண்டு

அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. நம்மை "மதராஸி" என்று ஒரே மூட்டையாகக் கட்டி, தலையாட்டும் பேச்சும் கறுப்பு முகமுமாகக் காட்டிச் சிரிப்பது இந்திப் படவுலகின் பழைய வழக்கம். 1968-இல் வந்த 'படோசன்' படத்தில் குடுமியும் நாமமுமாக மெஹ்மூத் நடித்த தென்னிந்தியப் பாட்டு வாத்தியாரை இன்றும் வடக்கே நகைச்சுவையின் உச்சம் என்று சொல்கிறார்கள்.

2017 ஏப்ரலில் நடந்தது அதைவிட நேரடியானது. நொய்டா பக்கம் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டதையொட்டி அல் ஜசீரா தொலைக்காட்சியில் ஒரு விவாதம். இந்தியர்கள் இனவெறியர்கள் இல்லை என்று நிரூபிக்க வந்த முன்னாள் எம்.பி. தருண் விஜய், நாங்கள் இனவெறியர்கள் என்றால் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று தெற்கு முழுவதோடும் எப்படிச் சேர்ந்து வாழ்கிறோம், எங்களைச் சுற்றிலும் கறுப்பு மக்கள் இருக்கிறார்களே என்ற பொருளில் பேசினார். பிறகு மன்னிப்பும் கேட்டார். அந்த "நாங்கள்" என்ற சொல்லில் நாம் இல்லை. நம்மைப் பொறுத்துக்கொண்டு வாழ்வதே தாராள மனசுக்குச் சாட்சியாகிவிட்டது. அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் மதிய சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. எட்டு வருடம் கழித்துக் கான்பூர்க்காரர் வாயைத் திறந்தபோது பின்வரிசைக்கு நினைவு வந்தது அதுதான். ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லியே கத்தினார்.

ஆக, யார் சொல்கிறார்கள் என்பது முக்கியம்தான். ஒரே வரி ஒரு வாயிலிருந்து வரும்போது கேலியாகவும் இன்னொரு வாயிலிருந்து வரும்போது அடியாகவும் இருக்கலாம். இதை இரட்டை நிலை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. விசாரணை தொடங்கும்போது நான் இந்த இடத்தில்தான் நின்றேன்.

ஒன்பது நாள் கழித்து ஒரு மெயில்

சம்பளப் பிரிவில் வேலை செய்யும் நெல்லூர்க்காரப் பெண் ஒருவர் கலைநிகழ்ச்சிக் குழுவுக்கு ஒரு மெயில் அனுப்பினார். விழா வீடியோவில் இரண்டு இடங்களின் நேரத்தைக் குறித்து, இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்படி கேட்டிருந்தார். வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்த்தேன். கரன்ட், இருட்டு, பல். மூன்றும் அதே வரிசையில். முதல் இடத்தில் கேமரா பார்வையாளர் பக்கம் திரும்புகிறது. முன்வரிசையில் நான் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பது நிமிடம் கழித்து அதே நாற்காலியில் அதே ஆள், கொதித்துப் போய் எழுந்து நிற்கிறேன். அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

எங்கே கொண்டு போய் விசாரிப்பது என்பதே பிரச்சினையாக இருந்தது. பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். நிறத்தையோ முகத்தையோ சொல்லி அவமதித்தால் அப்படிப் போய் நிற்க ஒரு கதவும் இல்லை. அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்று எண்ணுகிறது. அந்தப் பட்டியலில் நிறம் இல்லை. அந்தப் பிரிவு தடுப்பதும் முதன்மையாக அரசு காட்டும் பாகுபாட்டைத்தான். இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் நிறம் என்ற சொல் தெளிவாக இருக்கிறது, அதை இந்தியா ஏற்றதும் 1968-இல்தான், மெஹ்மூத் அந்த வாத்தியாராக நடித்த அதே வருடம். கடைசியில் நிர்வாகம் எங்கள் மூன்று பேரை உட்கார வைத்து, பேசிப் பார்த்துவிட்டு இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்றது.

கான்பூர்க்காரர் சொன்னது

அவரிடம்தான் முதலில் பேசினோம். அந்த ஜோக்கை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டோம். ஒத்திகையிலிருந்து என்றார். மூன்று வாரம் மாலை வேளைகளில் கேன்டீனில்தான் எல்லோருக்கும் ஒத்திகை. அவர் தன் முறைக்காகக் காத்திருக்கும்போது தினமும் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறார். தமிழ் அரைகுறையாகத்தான் புரியும் என்றாலும் எந்த இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கிறது. ஒத்திகை முடிந்து டீ குடிக்கும்போதும் மாப்பிள்ளையாக நடித்தவரை அதே கிண்டலோடு கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுக்கொண்டார்கள். "இந்த ஊரில் இது அன்பாகப் பேசும் பேச்சு என்று நினைத்தேன். உங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்" என்றார்.

தப்பிக்கச் சொன்ன பதிலாக எனக்குத் தோன்றவில்லை. வடக்கே இருந்து வந்து அந்த வரியை அவர் வாயால் சொல்லும்போது வேறு பாரம் சேர்கிறது என்று விளக்கினோம். தருண் விஜய் கதை அவருக்குத் தெரியவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த பான் வாயனைப் பற்றி யாராவது பேசப்போகிறீர்களா?" என்று கேட்டார். அவருடைய ஊர்க்காரர்கள் காரப்பாக்கத்தில் கட்டட வேலை செய்கிறார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, இரண்டு பேரைத் தன் அறையில் தங்க வைத்திருந்தாராம். வீடியோ பொய் என்று தமிழ்நாடு போலீஸ் சொன்ன பிறகும் அவர்களுக்குப் பயம் போகவில்லை. "தினமும் பஸ்ஸில் 'வடக்கன்' என்று கேட்டுப் பழகினவனுக்கு அந்த வீடியோவை நம்புவது கஷ்டமில்லை" என்றார். அதற்கு எங்கள் மூவரிடமும் பதில் இல்லை.

மாப்பிள்ளையாக நடித்தவர் சொன்னது

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

எங்கள் மூவர் குழுவில் இருந்த மூத்தவர் மயிலாடுதுறைக்காரர், நல்ல மனிதர். "நம்மள நாமே கிண்டல் பண்ணிக்கிறது வேற, வெளியில இருந்து ஒருத்தன் வந்து பண்றது வேற" என்பது அவர் வாதம். கவுண்டமணி செந்திலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், இதையெல்லாம் நோண்ட ஆரம்பித்தால் சிரிக்கவே முடியாது என்றார். "மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி" என்று மூன்றாவது உறுப்பினர் முணுமுணுத்தார்.

நான் கேட்டது வேறு. அந்த "நம்ம" யார்? ஸ்கிட்டின் வசனத்தை எழுதியவர் மாநிறத்துக்கும் மேலே சிவப்பு. சொன்ன மாமாவும் அப்படித்தான். கறுப்பு ஒருவர்தான், அவருக்கு அந்தக் காட்சியில் பல்லைக் காட்டுவதைத் தவிர வேலை இல்லை. தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதற்கு இதைக் கணக்கில் எடுக்க முடியாது.

அவரை அலுவலகத்துக்கு வெளியே, சோழிங்கநல்லூர் சிக்னல் பக்கத்து டீக்கடையில் தனியாகச் சந்தித்தேன். முதலில் வழக்கம்போலச் சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, ஜாலிக்குத்தான." "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழியும் சொன்னார். அதை அவருக்கு ஆறுதலாக யார் யாரோ எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள் என்று அப்போது தோன்றியது. இரண்டாவது டீ வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

2007-இல் 'சிவாஜி' படம் வந்தபோது அவர் ஆறாவது படித்தார். அதில் இரண்டு பெண்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி, அங்கவை, சங்கவை என்று பெயர் வைத்து, அவர்களைக் கண்டு கதாநாயகன் அலறுவதாகக் காமெடி வரும். அதே படத்தில் கதாநாயகனே கறுப்பாக இருப்பதால் கதாநாயகிக்காகச் சிவப்பாக ஆகப் பாடுபடுவார். "எனக்கு ஒரு தங்கச்சி இருக்காக்கா. அந்தப் படம் வந்ததுல இருந்து தெருவுல அவளுக்குப் பேரே அங்கவை. காலேஜ் முடிக்கிற வரைக்கும்." பாரியின் மகள்களான அந்த அங்கவையும் சங்கவையும் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு, பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்தது. அந்தப் பாட்டு வகுப்பில் வந்த அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை என்றார்.

ஸ்கிட்டில் அந்த வசனம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். சிரித்தால்தான் குழுவில் இருக்க முடியும், முகம் சுளித்தால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள், எனக்கு நடிக்கப் பிடிக்கும் என்றார்.

அப்புறம் அவர் சொன்னதை எழுத அனுமதி கேட்டேன், இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பின்வரிசையிலிருந்து முதலில் "டேய்" என்று கத்தியது அவர்தான். மேக்கப்பைக் கழுவிவிட்டுப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தார். "எனக்கே ஆச்சரியமா இருந்துச்சுக்கா. எழுந்துட்டேன். கை நடுங்குது. அந்த ஜோக்க சின்ன வயசுல இருந்து கேக்குறேன், ஒரு தடவகூட கோவப்பட்டதில்ல. அன்னிக்குத்தான் கோவப்படலாம்னு இருந்துச்சு. சுத்தி எல்லாரும் என் பக்கம் நின்னாங்க."

நான் எழுதிய கண்டன மெயிலை நினைத்தேன். தென்னிந்தியர்களின் நிறம் என்று எழுதியிருந்தேன். எந்த நிறத்தை வைத்து மண்டபம் சிரித்ததோ, அந்த நிறத்தோடு அன்று மேடையில் நின்ற மனிதரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கான்பூர்க்காரர் மேல் அவருக்கு இருந்த கோபம் நிஜம். ஆனால் அதில் பெரும்பங்கு நமக்கு வர வேண்டியது. நம் மேல் கோபப்பட அவருக்கு ஒரு இடம் கிடைத்ததில்லை, அதனால் கிடைத்த ஆள் மேல் பாய்ந்திருக்கிறது.

புகார் கொடுக்காத பெண்

மோமோ காட்சியைப் பற்றி யாருமே புகார் தரவில்லை. எங்கள் அலுவலகத்தில் வடகிழக்கைச் சேர்ந்தவர்கள் நான்கு பேர். மணிப்பூர்ப் பெண் ஒருவர் மட்டும் பேச ஒப்புக்கொண்டார். அந்தக் காட்சி வந்ததும் எழுந்து போய்க் கைகழுவும் இடத்தில் பத்து நிமிடம் நின்றிருக்கிறார். அவர் இல்லாததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நகைச்சுவை உணர்வு இல்லாதவள் என்று பெயர் வரும் என்றார். அவருடைய அக்கா முன்பு சென்னையில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்த்தவர். 2012 ஆகஸ்டில் வதந்தியைக் கேட்டு பெங்களூரு, புனே, சென்னை என்று பல ஊர்களிலிருந்து வடகிழக்கு மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியபோது, சென்ட்ரலில் ரயிலேறிப் போனவர் திரும்பவே இல்லை. 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில் நிடோ தானியா என்ற அருணாசலப் பிரதேச மாணவர், தன் தலைமுடியைக் கேலி செய்தவர்களோடு ஏற்பட்ட தகராறில் அடிபட்டு இறந்ததை அவர்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இத்தகைய அவமதிப்பைத் தண்டிக்கத் தனிச் சட்டப் பிரிவுகளையே பரிந்துரைத்தது. "அவர்களும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள்" என்றார் அவர், டெல்லியைப் பற்றி.

மயிலாடுதுறைக்காரர் இங்கே மட்டும் வாதாடவில்லை. மோமோ பையன் விஷயத்தில் "நம்மள நாமே" என்று சொல்ல வழியே இல்லை. சொன்னவர்களும் நாம், பெரும்பான்மையும் நாம். கான்பூர்க்காரர் நமக்குச் செய்ததாக நாம் கொதித்தோமே, அதை அப்படியே அந்தப் பெண்ணுக்கு நாம் செய்திருக்கிறோம், செல்லோடேப்பும் சேர்த்து.

இதே மனிதர் 2019-இல் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். அந்த ஜூலையில் அங்கே ஒரு டிஜிட்டல் பேமென்ட் விளம்பரம் வந்தது. சீன இனத்து நடிகர் ஒருவர் நான்கு வேடத்தில் வந்தார், அதில் ஒன்று முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்ட இந்தியர், சட்டையில் கே. முத்துசாமி என்று பெயர். அதைக் கண்டித்து இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு சகோதரனும் சகோதரியும் கெட்ட வார்த்தையோடு ஒரு ராப் வீடியோ போட்டார்கள். விளம்பரம் செய்தவர்கள் மன்னிப்போடு முடித்துக்கொண்டார்கள். வீடியோ போட்ட இருவருக்கும் போலீஸ் நிபந்தனையோடு கூடிய எச்சரிக்கை கொடுத்தது. சிறுபான்மையாக நின்று அந்த வலியைப் பார்த்தவர் அவர், அப்போது எங்கள் குரூப்பில் பக்கம் பக்கமாக எழுதினார். அதை ஞாபகப்படுத்தியபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முத்துசாமிக்குக் கோவப்பட்டேன், இந்தப் பொண்ணு எந்திரிச்சுப் போனத பார்க்கல" என்றார்.

என்ன முடிவானது

அறிக்கைக்காக நான்கு விஷயம் பேசினோம். கான்பூர்க்காரருக்குப் போட்ட ஒரு வருடத் தடையை நீக்க வேண்டும், நிர்வாகம் ஏற்றது. ஸ்கிட் குழு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்கள், இரண்டு வரி, மோமோ காட்சிக்கு மட்டும். மூன்றாம் பரிசைத் திரும்பப் பெற வேண்டும் என்று நான் கேட்டேன், மற்ற இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பரிசுத் தொகையை நடித்தவர்கள் ஏற்கெனவே பிரியாணிக்குச் செலவழித்துவிட்டார்கள் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

நான்காவதுதான் எனக்கு வேண்டியது. ஒருவருடைய நிறம், முகம், ஊர், பேச்சு எதை வைத்து ஜோக் இருந்தாலும், அது யார் தலையில் விழுகிறதோ அவரிடம் ஒத்திகைக்கு முன்னால் கேட்க வேண்டும். குழுவோடு வைத்துக் கேட்கக் கூடாது, தனியாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். வேண்டாம் என்று சொன்னவருக்கு வேடம் போகக் கூடாது. நடைமுறைக்கு ஒத்துவராது என்று எழுதி இதை நிர்வாகம் அடித்துவிட்டது.

ஸ்கிட்டில் நடித்தவர்கள் சிலர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நெல்லூர்ப் பெண்ணுக்கு நன்றி சொல்லப் போனபோது, இரண்டு முறை பார்த்த பிறகுதான் தனக்கே தெரிந்தது, முதல் முறை தானும் சிரித்ததாகச் சொன்னார். நான் என் பழைய மெயிலுக்கு வருத்தம் தெரிவித்துக் கான்பூர்க்காரருக்கு எழுதினேன். அதை எல்லோருக்கும் அனுப்ப அனுமதி கிடைக்காததால் அவருக்கு மட்டும்தான் போனது.

இந்த வருட விழாவுக்கு ஒத்திகை தொடங்கிவிட்டது. விதி இல்லாவிட்டாலும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஒவ்வொருவரையும் தனியாக. இதுவரை நான்கு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் பரவாயில்லை என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார், அந்தக் காட்சி போய்விட்டது. ராமநாதபுரத்துக்காரரை இன்னும் கேட்கவில்லை. இந்த முறை ஸ்கிட்டை எழுதுவது அவர்தான். அதில் கறுப்பு மாப்பிள்ளை ஒருவர் வருகிறார் என்று மட்டும் சொன்னார். நாளை சாயங்காலம் ஆறு மணிக்குக் கேன்டீனில் படித்துக் காட்டுகிறார்.